சொந்தக் கட்சிக்காரரை எதிர்த்து நிற்கும்போது: பிரைமரி களத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவில் ஒரு கட்சியின் அதிபர் வேட்பாளர் யார் என்பதைத் தலைமை அறிவித்துவிட முடியாது. மாநிலம் மாநிலமாகக் கட்சி ஆதரவாளர்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். அதுதான் பிரைமரி. கட்சி அலுவலகத்திலிருந்து வெளியாகும் வேட்பாளர் பட்டியலுக்குப் பழகிய நமக்கு அந்தப் போட்டியின் சூடு முதலில் வியப்பாகத்தான் இருக்கும். ஒரே கொடியின் கீழ் நிற்பவர்கள் மாதக்கணக்கில் ஒருவரையொருவர் கிழித்துப் போடுகிறார்கள். நவம்பர் பொதுத் தேர்தலில் அதே ஆட்கள் தோளோடு தோள் நின்று வாக்குக் கேட்க வேண்டும்.

எதிராளியைக் குறை சொல்வதே தவறு என்பது என் வாதம் அல்ல. 2002-இல் இராக் போர்த் தீர்மானத்துக்கு ஆதரவாக ஹிலாரி கிளிண்டன் வாக்களித்ததை, 2008 ஜனநாயகக் கட்சிப் போட்டியில் ஒபாமா திரும்பத் திரும்பச் சொன்னார். அது நியாயமான தாக்குதல். வாக்காளர் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி. எதை, எப்போது, யாருக்குப் பயன்படும்படி சொல்கிறோம் என்று பார்க்காமல் பாய்வதில்தான் கோளாறு.

முதல் தவறு, களத்தில் மூன்றாவது ஆள் நிற்பதை மறந்துவிடுவது. பொதுத் தேர்தலில் பெரும்பாலும் இரண்டு பேருக்குள்தான் போட்டி. ஒருவரிடமிருந்து விலகும் வாக்கு மற்றவருக்கு வர வாய்ப்புண்டு. பிரைமரியில் அப்படியில்லை. 2004 ஜனவரியில் அயோவா மாநிலத்தில் ஜனநாயகக் கட்சியின் ஹோவர்ட் டீனும் டிக் கெப்ஹார்ட்டும் தொலைக்காட்சி விளம்பரங்களில் மோதிக்கொண்டார்கள். டீன் கருத்துக்கணிப்புகளில் முன்னணியில் இருந்தவர். கெப்ஹார்ட் 1988-இல் அதே மாநிலத்தில் வென்றவர். இம்முறையும் வென்றாக வேண்டிய கட்டாயத்தில் இருந்தார். ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பது அப்படியே நடந்தது. சண்டை பார்த்துச் சலித்த வாக்காளர்கள் ஜான் கெர்ரிக்கு 38 விழுக்காடும் ஜான் எட்வர்ட்ஸுக்கு 32 விழுக்காடும் கொடுத்தார்கள். டீனுக்கு 18, கெப்ஹார்ட்டுக்கு 11. கெப்ஹார்ட் மறுநாளே விலகினார்.

2016-இல் நியூ ஹாம்ப்ஷயரில் குடியரசுக் கட்சி விவாத மேடையில் மார்கோ ரூபியோவைக் கிறிஸ் கிறிஸ்டி திணறடித்ததும் இதே கதைதான். மனப்பாடம் செய்ததையே ஒப்பிக்கிறார் என்று கிறிஸ்டி குற்றம்சாட்ட, ரூபியோ அதே வாக்கியத்தை மறுபடியும் சொல்லி மாட்டிக்கொண்டார். அந்த மாநிலத்தில் அவர் ஐந்தாமிடத்துக்குச் சரிந்தார். கிறிஸ்டிக்குக் கிடைத்ததோ ஆறாமிடம்.

சில்லறை விஷயத்தைத் தூக்கிக்கொண்டு வருவது இன்னொரு தவறு. 2007 டிசம்பரில் ஹிலாரி தரப்பு ஓர் அறிக்கை வெளியிட்டது. ஒபாமா பதவி ஆசை பிடித்தவர் என்று காட்ட, மழலையர் பள்ளியிலேயே 'நான் அதிபராக வேண்டும்' என்று கட்டுரை எழுதினார் என்பதை அதில் ஆதாரமாகச் சேர்த்திருந்தார்கள். குழந்தை எழுதியதைக் குற்றப்பத்திரிகையில் சேர்த்தால் சிரிக்காமல் என்ன செய்வார்கள்? அந்த அறிக்கையில் இருந்த மற்ற வாதங்களும் அந்தச் சிரிப்பில் அடிபட்டுப் போயின.

எதிர்க்கட்சிக்கு ஆயுதம் தயாரித்துக் கொடுப்பது இவற்றைவிடப் பெரிய தவறு. 2008 மார்ச் 4 டெக்சாஸ் வாக்கெடுப்புக்குச் சில நாள் முன் ஹிலாரியின் விளம்பரம் ஒன்று வந்தது. அதிகாலை மூன்று மணி. குழந்தைகள் உறங்குகிறார்கள். வெள்ளை மாளிகையில் தொலைபேசி ஒலிக்கிறது. உலகத்தில் ஏதோ நடந்துவிட்டது. அந்த அழைப்பை யார் எடுக்க வேண்டும் என்று குரல் கேட்கிறது. கடைசியில் கண்ணாடி அணிந்த ஹிலாரி தொலைபேசியோடு தெரிகிறார். ஒபாமாவின் பெயரே அதில் இல்லை. ஆனால் குறி யாருக்கு என்பதில் ஐயமும் இல்லை. விளம்பரமாகப் பார்த்தால் கச்சிதமான வேலை. இதோடு நிறுத்தியிருக்கலாம். அனுபவம் குடியரசுக் கட்சியின் ஜான் மெக்கெய்னுக்கும் எனக்கும் உண்டு, ஒபாமாவிடம் இருப்பது 2002-இல் இராக் போரை எதிர்த்து ஆற்றிய ஓர் உரைதான் என்ற பொருளில் ஹிலாரியே பேசினார். எதிர்க்கட்சி வேட்பாளருக்குத் தன் வாயாலேயே சான்றிதழ் கொடுத்தார். அதே ஆண்டு மெக்கெய்ன் தரப்பு ஹிலாரியின் சொற்களையே விளம்பரமாக்கி ஒபாமாவுக்கு எதிராக ஓட்டியது. ஒரு தாக்குதலை வெளியிடும் முன், இதை அப்படியே வெட்டி எடுத்து அக்டோபரில் எதிர்க்கட்சி ஒளிபரப்பினால் என்ன ஆகும் என்று யாராவது கேட்டே ஆக வேண்டும்.

அடுத்ததை விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் நெருக்கமான போட்டியைத் தீர்மானிப்பது பெரும்பாலும் இதுதான். தலைப்புச் செய்தியை வென்றுவிட்டு கணக்கில் தோற்பது. ஜனநாயகக் கட்சியில், மாநாட்டில் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் பிரதிநிதிகள் வாக்கு விகிதப்படி பிரிக்கப்படுகிறார்கள். நான்கு பிரதிநிதிகள் உள்ள தொகுதியில் 60க்கு 40 என்று வென்றாலும் ஆளுக்கு இரண்டுதான். மார்ச் 4-இல் டெக்சாஸ் பிரைமரியில் ஹிலாரி வென்றார். ஆனால் அதே நாள் இரவு நடந்த காகஸ் கூட்டங்களையும் (கட்சிக்காரர்கள் நேரில் கூடித் தங்கள் தேர்வைச் சொல்லும் முறை) சேர்த்துக் கணக்கிட்டால் அந்த மாநிலத்தில் அதிகப் பிரதிநிதிகள் ஒபாமாவுக்குத்தான். பிப்ரவரி 5-இல் நடந்தது இன்னும் தெளிவானது. நியூ ஜெர்சி போன்ற பெரிய மாநிலத்தை வென்றதில் ஹிலாரிக்குக் கிடைத்த கூடுதல் பிரதிநிதிகள் 11. யாரும் கண்டுகொள்ளாத ஐடஹோவின் காகஸில் ஒபாமாவுக்குக் கிடைத்த கூடுதல் 12. ஒபாமா தரப்பு அந்தச் சின்ன மாநிலங்களில் முன்கூட்டியே ஆள் திரட்டி வைத்திருந்தது. குடியரசுக் கட்சியில் விதிகள் வேறு: 2016-இல் ஃப்ளோரிடாவின் 99 பிரதிநிதிகளும் வென்றவருக்கே என்பதால், முழுவதும் டிரம்ப்புக்குப் போயின. விதிப் புத்தகத்தைப் படிக்காமல் விளம்பரத்துக்குப் பணம் கொட்டுபவரை நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. தெருத்தெருவாக அலையும் தொண்டரின் உழைப்பும் அதோடு வீணாகிறது.

கூட இருப்பவர்களின் வாயையும் கவனிக்க வேண்டும். 2008 மார்ச்சில், சில நாள் இடைவெளியில், ஹிலாரியை அரக்கி என்ற பொருளில் பேசிய ஒபாமாவின் ஆலோசகர் சமந்தா பவரும், ஒபாமாவின் வளர்ச்சியை அவர் நிறத்தோடு முடிச்சுப்போட்ட ஹிலாரி தரப்பின் ஜெரால்டின் ஃபெராரோவும் பிரசாரப் பொறுப்பிலிருந்து விலக நேர்ந்தது.

வதந்தியைத் தவறு என்று மட்டும் சொல்லி நகர எனக்கு மனமில்லை. அது அயோக்கியத்தனம். 2000-இல் குடியரசுக் கட்சிப் போட்டியில், தென் கரோலினாவில் மெக்கெய்னின் வங்கதேசத்து வளர்ப்பு மகளைப் பற்றி, அவருக்கு முறைதவறிப் பிறந்த குழந்தை என்று பொய் பரப்பப்பட்டது. பள்ளி வயதுச் சிறுமி அவள். அந்த மாநிலத்தில் அவரது போட்டியாளர் ஜார்ஜ் டபிள்யூ. புஷ் 53க்கு 42 என்று வென்றார். மெக்கெய்னும் அங்கே சறுக்கியிருந்தார்: புஷ்ஷை அப்போதைய ஜனநாயகக் கட்சி அதிபர் பில் கிளிண்டனோடு ஒப்பிட்டு விளம்பரம் செய்தார். குடியரசுக் கட்சிக்காரர்களிடையே அதைவிடப் பெரிய வசவு கிடையாது. அது அவரையே திருப்பித் தாக்க, எதிர்மறை விளம்பரங்களை அவர் நிறுத்த வேண்டியதாயிற்று.

கடைசியாக, எப்போது நிறுத்துவது என்று தெரியாமல் இருப்பது. 1980-இல் பதவியில் இருந்த அதிபர் கார்ட்டரை எதிர்த்து நின்ற எட்வர்ட் கென்னடி, பிரதிநிதிகள் கணக்கில் பின்தங்கிய பிறகும் சண்டையை ஆகஸ்ட் மாநாடு வரை இழுத்தார். நவம்பரில் கார்ட்டர் 44 மாநிலங்களில் தோற்றார். அதற்குப் பணவீக்கம், ஈரான் பணயக்கைதிகள் விவகாரம் என்று வேறு காரணங்களும் உண்டு. ஆனால் பிளவுபட்ட கட்சி அவருக்கு உதவவில்லை. ஹிலாரி 2008-இல் கடைசி வாக்கெடுப்பு முடிந்த நான்காம் நாள், ஜூன் 7-இல், போட்டியை நிறுத்திக்கொண்டு ஒபாமாவை ஆதரித்தார். ஆகஸ்டில் டென்வர் மாநாட்டில் மாநிலவாரி வாக்கெடுப்பை இடையில் நிறுத்தி, ஒபாமாவை ஏகமனதாக வேட்பாளராக அறிவிக்கும்படி முன்மொழிந்தவரும் அவரே.