திருகோணமலைக்குப் புதிதாக வந்தவர்களுக்கு: பூச்சாடிகளைக் காப்பது எப்படி?

தமிழ்நாட்டிலிருந்து வேலைக்காகவோ கல்யாணமாகியோ இங்கே வருகிறவர்கள், வீடு கிடைத்த கையோடு நாலு செடி வைக்க ஆசைப்படுவார்கள். நானும் செம்பருத்தியும் பொன்னாங்கண்ணியும் நட்டு வாசலில் வைத்தேன். மூன்றாம் நாள் விடியற்காலையில் தண்டு மட்டும்தான் நின்றது. தின்றது புள்ளிமான்!

பிரட்ரிக் கோட்டைக்குள்ளும் கோணேசர் கோயிலுக்குப் போகும் வழியிலும் மான்களைப் பார்த்திருப்பீர்கள். ஆள் நடமாட்டம் குறைந்ததும் அவை நகரத் தெருக்களுக்கும் வரும். கோட்டைக்குப் பக்கத்தில் குடியிருந்தால் இரவில் படலையை (கேட்டை இங்கே அப்படித்தான் சொல்வார்கள்) மறக்காமல் சாத்துங்கள். சாடியை மதில்மேல் ஏற்றினால் போதாது, மான் பின்னங்காலில் எழும்பி எட்டிவிடும். ஆனால் கல்லெறிய வேண்டாம். 1937ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் மானைக் காக்கிறது. சட்டம் இருக்கட்டும், அந்த மான்கள் இந்த ஊரின் சொத்து. பொலித்தீன் பையில் குப்பையை வெளியே வைக்காதீர்கள். மான் அதைத் தின்றால் செத்துப்போகும்.

அணில்தான் நிரந்தர விருந்தாளி. புதிதாகக் கிளறிய மண்ணைக் கண்டால் தோண்டாமல் விடாது. விதை போட்ட அன்றே கச்சானை (நம்ம வேர்க்கடலைக்கு இங்கே அதுதான் பெயர்) எடுத்துக்கொண்டு போய்விடும். தென்னந்தும்பு (தேங்காய் நார்) போட்ட தொங்கு சாடி என்றால் கூடு கட்டத் தும்பையும் உருவும். பக்கத்து வீட்டு அக்கா ஒரே வரியில் வழி சொன்னார்: "மண்ணை வெறுமையா விடாதேங்கோ தங்கச்சி, சிரட்டையைப் பரப்புங்கோ." தேங்காய்ச் சிரட்டையைக் கை அகலத் துண்டுகளாக உடைத்து, தண்டைச் சுற்றிக் கவிழ்த்து நெருக்கமாக அடுக்கினேன். தோண்டுவது பெரும்பாலும் நின்றது. மண்ணின் ஈரமும் சீக்கிரம் காயவில்லை. காய்ந்த மண்ணைக் கழிப்பிடமாக்கும் பூனைக்கும் இதே மருந்துதான்.

முளைவிடும் விதைக்குச் சிரட்டை சரிவராது. அரை அங்குலக் கண் உள்ள கம்பி வலையைக் கூடைபோல வளைத்துக் கவிழ்த்து, ஓரத்தை மண்ணுக்குள் அழுத்துங்கள். பழைய மீன்வலை இங்கே சுலபமாகக் கிடைக்கும், ஆனால் தளர்வாகப் போர்த்தினால் அணிலும் ஓணானும் சிக்கித் தவிக்கும். கட்டுவதானால் நாலு குச்சி நட்டு இழுத்துக் கட்டுங்கள். மிளகாய்த்தூள் ஒரு மழைக்குமேல் தாங்காது, பறவைகளுக்கு அதன் காரமும் உறைக்காது.

வைகாசியிலிருந்து ஆவணி வரை கச்சான் காற்று (இது கடலை இல்லை, தென்மேற்கிலிருந்து வரும் வறண்ட காற்றுக்கும் இங்கே அதே பெயர்) அனலாக அடிக்கும்போது, அணில் தாகத்துக்காகவும் தக்காளியைக் கடிக்கும். செடிகளிலிருந்து தள்ளி ஒரு சட்டியில் தண்ணீர் வையுங்கள். காய் நிறம் மாறத் தொடங்கியதுமே பறித்து உள்ளே பழுக்க வையுங்கள்.

மீன் கழுவிய தண்ணீரை உரமாக ஊற்றச் சொல்வார்கள். தரையில் நிற்கும் தென்னைக்கு ஊற்றுங்கள். சாடியில் ஊற்றினால் பூனை, நாய், காகம் எல்லாம் வரிசையில் வரும்.

காட்டோரப் பக்கங்களில் குரங்கு வரும். அதை வலை தடுக்காது. காய்க்கும் சாடிகளைக் கம்பியடித்த விறாந்தைக்குள் வைப்பதுதான் ஒரே வழி.

அப்புறம், செடிக்குள் கொண்டைக்குருவி கூடு கட்டினால் அந்தச் சாடியை மட்டும் நகர்த்தாதீர்கள். ஓரமாகத் தண்ணீர் ஊற்றுங்கள். முட்டையிட்டுக் குஞ்சுகள் பறந்துபோக ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும்.