நீர்வண்ணத்தில் மூடுபனி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மூடுபனிக் காட்சியை நீர்வண்ணத்தில் தீட்டத் தொடங்குவோர் பெரும்பாலும் மலைகளையும் மரங்களையும் முழுமையாக வரைந்து முடித்துவிட்டு, அவற்றின்மேல் வெள்ளை வண்ணத்தைப் பூசிப் பனியைக் கொண்டுவர முயல்கிறார்கள். அந்த வெள்ளை, தாளின் வெண்மையைப் போல ஒளிராமல், சுண்ணாம்பு பூசியதுபோல் மங்கி நின்றுவிடும். நீர்வண்ணத்தில் பனி என்பது பெரும்பாலும் தீட்டாமல் விட்ட தாளே ஆகும்.

ஜப்பானிய ஓவியர் ஹசெகாவா தோஹாகு 16ஆம் நூற்றாண்டின் இறுதியில், ஆறு மடிப்புகள் கொண்ட இரு திரைகளில் கறுப்பு மையை மட்டும் கொண்டு தீட்டிய பைன் மரங்களை (அவை டோக்கியோ தேசிய அருங்காட்சியகத்துக்கு உரியவை) பார்த்தால் இது விளங்கும். அருகிலுள்ள மரங்களை அடர்ந்த மையால் முரட்டுத்தனமாகக் கீறியும், தொலைவிலுள்ளவற்றை மிக நீர்த்த மையால் நிழல்போலத் தொட்டும் செல்லும் அவர், இடையில் பெரும்பரப்பை வெறுமையாகவே விட்டிருக்கிறார். நம் கண் அந்த வெறுமையைப் பனியாகக் காண்கிறது.

அடர்ந்த மை அங்கே இருப்பதையும் கவனிக்க வேண்டும். பனி என்றாலே எல்லாம் வெளிறியிருக்க வேண்டும் என்று அஞ்சி, முன்புறத்தில் ஓரிடத்தைக்கூடக் கருமையாக்காதவரின் ஓவியத்தில் தொலைவே தோன்றாது. தாள் முழுவதையும் நனைத்து எல்லா விளிம்புகளையும் கலங்கவிடுவதும் இதே வகைப் பிழைதான். பள்ளத்தாக்கில் பனி தாழ்ந்து தேங்குவதால், மலையின் உச்சிக்கோடு ஓரளவு தெளிவாகவும் அடிவாரம் கரைந்தும் தெரியும். ஆகவே உச்சியை உலர்ந்த தாளில் தீட்டி, வண்ணம் காய்வதற்குள் அதன் கீழ்விளிம்பைச் சற்றே ஈரமான, வண்ணமற்ற தூரிகையால் வருடிவிட வேண்டும். தூரிகையில் நீர் மிகுந்தால், பாதி காய்ந்த வண்ணத்துக்குள் அது ஏறிக் காலிஃபிளவர் போன்ற திட்டுகளை உண்டாக்கிவிடும்.

பனிக்கு நீலம் பூசுவது மற்றொரு வழக்கம். தெளிந்த நாளில் தொலைமலை நீலமாகத் தெரிவது காற்றின் மூலக்கூறுகள் நீல ஒளியை மிகுதியாகச் சிதறடிப்பதால்தான். அவற்றைவிட மிகப் பெரிய பனித்துளிகளோ எல்லா நிறங்களையும் ஏறத்தாழச் சமமாகச் சிதறடிப்பதால் பனி வெண்சாம்பலாகவே தெரிகிறது. அல்ட்ராமரின் நீலத்துடன் பர்ன்ட் சியன்னா என்னும் செம்பழுப்பு வண்ணத்தைக் கலந்தால், காலை வெயிலுக்கேற்ற கதகதப்பான சாம்பலும் மழைநாளுக்கேற்ற குளிர்ந்த சாம்பலும் கிடைக்கும். 1899 முதல் 1901 வரை லண்டனில் பிரெஞ்சு ஓவியர் மோனே தீட்டத் தொடங்கிய பனிக்காட்சிகளின் ஊதாவைக் காட்டி மறுப்போர் உண்டு. ஆனால் மோனே கண்டது நிலக்கரிப் புகை கலந்த பனி.

தனித்த படகு, ஒற்றை விளக்கு, பறவைக் கூட்டம் ஆகியவற்றைச் சேர்த்து மனநிலையை வரவழைக்க முயல்வதை நான் விரும்புவதில்லை. சாம்பலின் படிநிலைகள் சரியாக அமையாத இடத்தில் படகு வந்தும் பயனில்லை.