மூலநிரலிலிருந்து ‘மட்’ நிறுவும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற மார்கழி மழைக்குள் ஒரு பின்னேரம், உவர்மலையில் எங்கள் வீட்டுக்கு எதிரே குடியிருக்கும் தம்பி மடிக்கணினியைச் சட்டைக்குள் அணைத்துக்கொண்டு ஓடி வந்தான்.

“அண்ணா, மூன்று நாளாக மினக்கெடுகிறேன். கடவுச்சொல்லை ஐந்து தரம் மாற்றிவிட்டேன். இணையமும் வேலை செய்கிறது. கடிதப்பெட்டி மட்டும் திறக்கவில்லை.”

திரையின் அடியில் ஒரே ஒரு வரி நின்றது. அஞ்சல் வழங்கியின் (சர்வரின்) ஐமேப் முகவரி, அதாவது வழங்கியில் உள்ள கடிதங்களைப் படிக்கும் முறைக்கான முகவரி, அதற்குப் பின்னால் ‘அப்படி ஒரு கோப்போ கோப்புறையோ இல்லை’ என்ற ஆங்கில அறிவிப்பு. அதைப் பார்த்ததுமே காரணம் புரிந்துவிட்டது. அவனுடைய மின்னஞ்சல் மென்பொருளான மட் இணையத்துக்கே போகவில்லை. அந்த முகவரியை ஒரு கோப்பின் பெயர் என்று நினைத்து வன்வட்டில் தேடிக்கொண்டிருந்தது. ஐமேப் வசதி இல்லாமல் தொகுக்கப்பட்ட, அதாவது மூலநிரலிலிருந்து ஓடும் நிரலாக மாற்றப்பட்ட, மட்டுக்கு வேறு வழி தெரியாது.

மட் 1995இல் மைக்கேல் எல்கின்ஸ் எழுதத் தொடங்கிய, முனையத்தில் (கட்டளைகளை எழுத்தாகத் தட்டும் சாளரத்தில்) ஓடும் மின்னஞ்சல் மென்பொருள். படமும் பொத்தானும் கிடையாது, எல்லாம் விசைப்பலகைதான். பழைய கணினியிலும் மெதுவான இணைப்பிலும் அது ஓடும் வேகத்தைக் கண்டவர்கள் அதை எளிதில் விடமாட்டார்கள். நானும் விடவில்லை. அதனால்தான் இதை நிறுவ முயன்று பாதியில் கைவிடுபவர்களைப் பார்க்கும்போது மனம் பொறுக்கவில்லை. சிக்கல்களில் பெரும்பாலானவை ஒரே வகையானவை: தவறு நிகழ்வது ஓரிடத்தில், வெளியே தெரிவது வேறோர் இடத்தில்.

தொடங்கும் முன் ஒரு கேள்வி. உங்களுக்கு மூலநிரல் தேவைதானா? டெபியன், உபுண்டு என்னும் லினக்ஸ் வகைகள் இரண்டிலும் மட் ஆயத்தப் பொதியாகவே கிடைக்கிறது; ஐமேப், குறியாக்கம் எல்லாம் அதில் உண்டு. புதிய பதிப்போ, பொதியில் இல்லாத ஒரு வசதியோ வேண்டும் என்றால் மட்டும் தொகுக்கலாம். கற்றுக்கொள்ளும் ஆசையும் நல்ல காரணம்தான்.

தம்பி சறுக்கியது கன்ஃபிகர் என்னும் முதல் படியில். மூலநிரலைத் தொகுக்கும் முன் ஓடும் இந்த நிரல்தான், உங்கள் மட்டில் எவை இருக்கும், எவை இருக்காது என்பதைத் தீர்மானிக்கிறது. ஒன்றும் சொல்லாமல் வெறுமனே ஓட்டினால் ஐமேப் சேராது, கடிதம் அனுப்பும் எஸ்எம்டிபி சேராது, பாதுகாப்பான இணைப்பும் சேராது. ‘எனேபிள்-ஐமேப்’, ‘எனேபிள்-எஸ்எம்டிபி’, ‘வித்-எஸ்எஸ்எல்’, உள்நுழைவுக்கான ‘வித்-சாசில்’ என்ற தெரிவுகளை நாமே கேட்டு வாங்க வேண்டும்.

அவன் கேட்டுத்தான் இருந்தான். ஆனால் ‘எனேபிள்-ஐமேப்’ என்று எழுத வேண்டிய இடத்தில் ‘வித்-ஐமேப்’ என்று எழுதிவிட்டான். மட்டின் கன்ஃபிகர், தனக்குத் தெரியாத இப்படிப்பட்ட தெரிவைக் கண்டால் நின்றுவிடாது. ‘அறியாத தெரிவு’ என்று ஒரு எச்சரிக்கை வரியைக் காட்டிவிட்டு மேலே போய்விடும். நூற்றுக்கணக்கான வரிகள் திரையில் ஓடும்போது அந்த ஒரு வரியை யார் பார்ப்பார்கள்? கடைசியில் பிழை ஏதும் வராததால் எல்லாம் சரி என்று நம்பிவிடுகிறோம். கன்ஃபிகர் முடிந்ததும் திரையை மேலே தள்ளி, எச்சரிக்கை என்ற சொல் எங்காவது இருக்கிறதா என்று தேடுங்கள். இரண்டு நிமிட வேலை. தம்பிக்கு மூன்று நாள் மிஞ்சியிருக்கும்.

இந்தக் குழப்பம் இன்னொரு வழியிலும் வரும். மட்டிலிருந்து பிரிந்து வளர்ந்த நியோமட்டின் தெரிவுகள் வேறு மாதிரி எழுதப்படுபவை. நியோமட்டுக்கான குறிப்பைப் பார்த்து மட்டைத் தொகுக்காதீர்கள்.

தொகுத்து முடிந்ததும், நிறுவும் முன்னரே சரிபார்க்கலாம். தொகுத்த கோப்புறைக்குள் இருக்கும் மட்டின் பெயரை அடுத்து ஒரு சிறுகோடும் ‘வி’ எழுத்தும் இட்டு அதை இயக்கினால், உள்ளே இருக்கும் வசதிகளின் பட்டியல் வரும். பெயருக்கு முன்னால் கூட்டல் குறி இருந்தால் அந்த வசதி உண்டு, கழித்தல் குறி இருந்தால் இல்லை. தம்பியின் திரையில் ஐமேப்புக்கு முன்னால் கழித்தல் குறி தெளிவாக நின்றது. அதைப் பார்த்ததும் அவன் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

அடுத்தது நூலகப் பொதிகள், அதாவது மட் துணைக்கு அழைக்கும் பொது நிரல்கள். “ஓபன்எஸ்எஸ்எல் என் கணினியில் ஏற்கெனவே இருக்கிறதே, ஏன் கிடைக்கவில்லை என்கிறது?” என்று பலர் கேட்பார்கள். ஒரு நிரல் ஓடுவதற்கு நூலகம் போதும். தொகுப்பதற்கு, நூலகத்தை எப்படி அழைப்பது என்று சொல்லும் அதன் தலைப்புக் கோப்புகளும் வேண்டும். டெபியன் வகைகளில் அவை ‘டெவ்’ என்று முடியும் தனிப் பொதிகளில் இருக்கின்றன. ஃபெடோராவில் அந்த ஈறு ‘டெவெல்’. எனவே திரையில் எழுத்தைக் காட்டும் என்கர்சஸ், இணைப்பைப் பாதுகாக்கும் ஓபன்எஸ்எஸ்எல், சாசில் மூன்றுக்கும் டெவ் பொதிகளை முதலில் நிறுவிக்கொள்ளுங்கள். சாசிலில் இன்னொரு பொறியும் உண்டு. நூலகம் இருந்தாலும், அதன் உள்நுழைவு முறைகள் வேறொரு ‘மொடியூல்ஸ்’ பொதியில் இருக்கின்றன. அது இல்லாவிட்டால் தொகுத்தல் ஒரு குறையும் இல்லாமல் முடியும். கடிதம் அனுப்பும்போதுதான் ‘அங்கீகார முறை எதுவும் இல்லை’ என்று வரும். உடனே எல்லோரும் கடவுச்சொல்லைத்தான் சந்தேகிப்பார்கள்.

கடவுச்சொல்லிலும் ஒரு விடயம் உண்டு. ஜிமெயில் 2022 மே மாத இறுதியிலிருந்து வழமையான கடவுச்சொல்லை மட்டும் கொண்டு இத்தகைய மென்பொருள்கள் உள்நுழைவதை நிறுத்திவிட்டது. இரட்டைச் சரிபார்ப்பை இயக்கி, அதன் பின் 16 எழுத்துச் செயலிக் கடவுச்சொல் ஒன்றைப் பெற வேண்டும். அதை மட்டின் அமைப்புக் கோப்பில் எழுதுவதானால், அந்தக் கோப்பை வேறு பயனர் எவரும் படிக்க முடியாதபடி அனுமதியைச் சுருக்கிவிடுங்கள்.

கன்ஃபிகரையும், தொகுக்கும் கட்டளையான மேக்கையும், நிர்வாகி அதிகாரம் தரும் சூடோ கொண்டு ஓட்டாதீர்கள். கோப்புகள் ரூட் பயனருக்குச் சொந்தமாகி, பிறகு உங்களாலேயே அவற்றைத் திருத்த முடியாமல் போகும். கடைசி ‘மேக் இன்ஸ்டால்’ படிக்கு மட்டுமே அந்த அதிகாரம் தேவை. நிறுவிய பிறகு மூலநிரல் கோப்புறையை அழிக்கவும் வேண்டாம். மட்டை நீக்க நினைக்கும் நாளில் ‘மேக் அன்இன்ஸ்டால்’ கட்டளையை அங்கிருந்துதான் கொடுக்க வேண்டும். பொதியாக வந்த பழைய மட் ஒன்றும் கணினியில் இருந்தால், புதியதை நிறுவிய பின்னும் முனையம் பழையதையே கூப்பிடக்கூடும். புதிய முனையம் ஒன்றைத் திறந்து பதிப்பெண்ணைப் பாருங்கள்.

ரீலோட் போட்டு டேட்டா பாவிக்கிறவர்கள் ‘எனேபிள்-எச்கேஷ்’ தெரிவை மறக்கவே கூடாது. அது இல்லாவிட்டால் ஆயிரக்கணக்கான கடிதங்கள் உள்ள பெட்டியைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் தலைப்பு விவரங்கள் எல்லாம் புதிதாக இறங்கும். அந்தத் தெரிவோடு, ஜிடிபிஎம் போன்ற ஒரு தரவுத்தள நூலகமும் கணினியில் இருக்க வேண்டும். பின்னர் அமைப்புக் கோப்பில் சேமிப்பிடத்தையும் குறிப்பிட வேண்டும். தொகுத்ததோடு விட்டுவிட்டால் பயனில்லை.

இனி, எனக்கு மிகவும் முக்கியமான பகுதி: தமிழ். கடிதத் தலைப்பில் எழுத்துகளுக்குப் பதிலாகக் கேள்விக்குறிகளோ, பின்சாய்கோடும் மூன்றிலக்க எண்களுமோ வந்தால், மட் பழுது என்று முடிவு கட்டாதீர்கள். கணினியின் மொழிச் சூழல் ‘சி’ அல்லது ‘போசிக்ஸ்’ என்று இருக்கும். அதை, எல்லா மொழி எழுத்துகளையும் தாங்கும் யூடிஎஃப்-8 வகைக்கு மாற்ற வேண்டும். ஆங்கிலச் சூழலாக இருந்தாலும் பரவாயில்லை, யூடிஎஃப்-8 ஆக இருந்தால் போதும். இதைச் செய்யாமல் மட்டின் அமைப்புக் கோப்பில் எழுத்துக் குறியாக்கத்தைக் கையால் திணிப்பவர்கள் உண்டு. அது நோயை மறைக்கும், தீர்க்காது. பழைய லினக்ஸ் பதிப்புகளில் என்கர்சஸின் அகன்ற எழுத்து வகைக்குத் தனி டெவ் பொதி இருந்தது; பெயரில் ‘டபிள்யூ’ சேர்ந்திருக்கும். தமிழுக்கு அதுவே வேண்டும்.

அன்று மாலை சரியான தெரிவுகளோடு மறுபடி தொகுத்தோம். பெட்டி திறந்தது. அவனுடைய அத்தை அனுப்பியிருந்த கடிதம் முதலில் நின்றது. தலைப்பு, ‘கோணேசர் கோயில் திருவெம்பாவைப் பூசை’. ஆனால் இரண்டு ‘கோ’க்களும் உடைந்து, கொம்பும் காலும் எழுத்தை விட்டு விலகிக் கிடந்தன. தம்பி உடனே, “இன்னொரு முறை தொகுப்போமா?” என்றான்.

நான் தடுத்தேன். அந்தத் தலைப்பை ஒரு சாதாரணக் கோப்பில் எழுதி, முனையத்திலேயே காட்டச் சொன்னேன். அங்கேயும் அதே உடைவு. அப்படியானால் அது மட்டின் குறையன்று. எழுத்தின் இருபுறமும் நிற்கும் உயிர்க்குறியைச் சேர்த்து வரைய அந்த முனையத்துக்குத் தெரியவில்லை. பல மொழி எழுத்துகளுக்கென எழுதப்பட்ட எம்எல்டெர்ம் முனையத்தை நிறுவி, அதில் அதே மட்டைத் திறந்தோம். கொம்பு முன்னாலும் கால் பின்னாலும் ஒட்டி நிற்க, கோணேசர் முழுதாக வந்தார்.