மாடி வீட்டில் பெரிய மீன் தொட்டி: தளம் தாங்குமா என்று பார்ப்பது எப்படி?

சென்னை கொளத்தூரில் மீன் வாங்கப் போகிறவர்கள் மீனின் விலையையும் கண்ணாடியின் தடிமனையும் துருவித் துருவி விசாரிக்கிறார்கள். தொட்டி உட்காரப்போகும் தளத்தைப் பற்றி யோசிப்பவர்கள் குறைவு. இரண்டடித் தொட்டிக்கு அந்தக் கவலை வேண்டாம். தண்ணீர், கல் எல்லாம் சேர்ந்தாலும் அது ஒரு பெரிய ஆளின் எடைதான். ஆனால் நான்கடித் தொட்டியை முதல் மாடியிலோ அதற்கு மேலோ வைக்க நினைப்பவர்கள், முன்பணம் கொடுப்பதற்கு முன்பே கணக்குப் போட்டுப் பார்த்துவிட வேண்டும்.

கணக்கு எளிதானது. நீளம், அகலம், உயரம் மூன்றையும் அடியில் அளந்து பெருக்கினால் கன அடி வரும். ஒரு கன அடிக்கு ஏறத்தாழ 28 லிட்டர் தண்ணீர், ஒரு லிட்டருக்கு ஒரு கிலோ. நான்கடி நீளமும் ஒன்றரை அடி அகலமும் ஒன்றரை அடி உயரமும் உள்ள தொட்டியில் மேலே சிறிது இடம் விட்டு நிரப்பினால் தண்ணீர் மட்டும் 225 கிலோ. 10 மி.மீ. கண்ணாடி ஒரு சதுர மீட்டருக்கு 25 கிலோ என்பதால் கண்ணாடிக்கு 50 கிலோ, கீழே பரப்பும் கல்லுக்கு 45, ஸ்டாண்டுக்கு 40 என்று கூட்டினால் 360 கிலோ ஆகிறது. இவ்வளவும் ஆறு சதுர அடிக்குள் இறங்குகிறது. அதாவது சதுர அடிக்கு 60 கிலோ. அரோவானா என்ற பெரிய மீனுக்காக ஆறடிக்கு இரண்டடி அளவில் வாங்கும் தொட்டியோ ஒரு டன்னை நெருங்கிவிடும்.

இந்தியத் தர விதி ஐ.எஸ். 875 (பகுதி 2) வீட்டு அறைகளின் தளத்துக்கு வைத்திருக்கும் பயன்பாட்டுச் சுமை (ஆட்கள், சாமான்களின் எடை) சதுர மீட்டருக்கு 2 கிலோ நியூட்டன். சதுர அடிக்குச் சொன்னால் ஏறக்குறைய 19 கிலோ. 60 எங்கே, 19 எங்கே என்று உடனே பயப்பட வேண்டியதில்லை. விதி சொல்வது அறை முழுவதும் பரவிய சுமையை. பத்துக்குப் பன்னிரண்டு அறைக்கு அது 2,200 கிலோவைத் தாண்டும். கான்கிரீட் தளமும் ஓரிடத்துச் சுமையைப் பக்கவாட்டில் ஓரளவு பகிர்ந்துகொள்ளும். ஆகவே நான்கடித் தொட்டியைப் பொறுத்தவரை மொத்த எடையைவிட, அது எங்கே இருக்கிறது, தளம் எந்த நிலையில் இருக்கிறது என்பவையே முக்கியம். அறையில் ஏற்கெனவே இருப்பதையும் கூட்டிக்கொள்ளுங்கள். லாரித் தண்ணீர் பிடித்து வைக்கும் நீல டிரம் நிரம்பினால் 200 கிலோ. கீழே பீம் இல்லாமல் பிற்பாடு எழுப்பிய நாலரை அங்குலத் தடுப்புச் சுவரோ, பத்தடி உயரத்தில், ஒவ்வோர் அடி நீளத்துக்கும் 200 கிலோவுக்குக் குறையாது. மேலும், விசேஷத்துக்குக் கூடும் கூட்டம் மாலையில் கலைந்துவிடும். தொட்டி ஆண்டுக்கணக்கில் அங்கேயே நிற்கும். நீடித்த சுமையில் கான்கிரீட் மெல்ல மெல்லத் தொய்யும்.

தளத்தின் நிலையை அறிய உங்கள் வீட்டுத் தரையைப் பார்த்துப் பயனில்லை. டைல்ஸ் எல்லாவற்றையும் மறைத்துவிடும். கீழ்வீட்டாரிடம் அனுமதி கேட்டு, அவர்களுடைய கூரையின் அடிப்பக்கத்தை நல்ல டார்ச் வெளிச்சத்தில் பாருங்கள். காசிமேடு, ராயபுரம், திருவொற்றியூர் போன்ற கடலோரப் பகுதிகளில் உப்புக் காற்று கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பியை அரிக்கிறது. துரு, இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைப்பதால் உள்ளிருந்தே பூச்சைத் தள்ளிப் பிளக்கிறது. அதனால்தான் பழுப்புக் கறையும், அரையடி இடைவெளியில் இணையாக ஓடும் விரிசல்களும் ஒன்றாகத் தெரிகின்றன: அந்தக் கோடுகள் கம்பிகள் போகும் பாதை. சிறிய சுத்தியலால் தட்டினால் நல்ல இடம் கெட்டியாகவும், பிரிந்த இடம் பொத்தென்றும் ஒலிக்கும். கம்பி வெளியே தெரிந்தாலோ தளம் நடுவில் தொய்ந்திருந்தாலோ, பூசி மறைத்துவிட்டுத் தொட்டி வைக்கக் கூடாது. முதலில் கட்டமைப்புப் பொறியாளர் பார்த்துச் சொல்லட்டும்.

முத்தியால்பேட்டை, பழைய வண்ணாரப்பேட்டைப் பக்கத்துப் பழைய வீடுகளில் மெட்ராஸ் டெரஸ் இருக்கலாம். நெருக்கமாக அடுக்கிய மர உத்திரங்களின் மேல் செங்கல்லைச் சாய்வாக நிறுத்திச் சுண்ணாம்புக் கலவையிட்ட தளம் அது. அங்கே பலவீனமான இடம், உத்திரத்தின் முனை சுவருக்குள் நுழையும் பகுதி. ஓதமும் கரையானும் அங்கிருந்துதான் தொடங்கும். ஸ்க்ரூடிரைவரால் அந்த முனையைக் குத்திப் பாருங்கள். நல்ல தேக்கு எதிர்த்து நிற்கும். உளுத்த மரம் ஸ்க்ரூடிரைவரை உள்ளே வாங்கிக்கொள்ளும். இத்தகைய தளத்தில் நான்கடித் தொட்டியைப் பொறியாளரைக் கேட்காமல் வைப்பதை நான் எந்த நிலையிலும் ஏற்க மாட்டேன்.

கான்கிரீட் தளத்தில் நல்ல இடம், கீழ்வீட்டிலும் சுவரோ பீமோ தொடரும் ஓரம். நீள்சதுர அறையில் சுமை பெரும்பாலும் குறுகிய திசையில் பயணித்து நீளச் சுவர்களுக்குப் போகிறது. ஆகவே நீளச் சுவரை ஒட்டி, முடிந்தால் மூலையில் வையுங்கள். அந்தச் சுவர் தடுப்புச் சுவரா என்பதை வாசல்படியில் அளந்தால் தெரியும்: பூச்சோடு பத்து அங்குலம் வந்தால் ஒன்பது அங்குலச் சுவர், ஐந்தரை வந்தால் வெறும் தடுப்பு. அறையின் நடு வேண்டாம். பால்கனி கூடவே கூடாது. அது ஒரு பக்கம் மட்டுமே பிடிப்புள்ள தளம்.

தரைத்தள வீட்டில் இடிபாட்டு பயம் குறைவு என்றாலும், நிரப்பிய மண் சரியாக இறுகாவிட்டால் தரை இறங்கித் தொட்டி சாயும்.

நான்கு கால் ஸ்டாண்டில் ஒவ்வொரு காலும் 90 கிலோவை ஒரு புள்ளியில் இறக்கும். கீழே வெற்றிடமுள்ள டைல்ஸ் அங்கேயே உடையும். காலுக்குக் கால் இரும்புச் சட்டம் ஓடும் ஸ்டாண்டாகச் செய்யச் சொல்லி, ரசமட்டம் வைத்துப் பாருங்கள். பிறகு நாளுக்குக் கால் பங்காக நான்கு நாட்களில் நிரப்புங்கள். கீழ்வீட்டுக் கூரையில் பழைய மயிரிழை விரிசல் இருந்தால், அதன் இரு முனைகளிலும் பென்சிலால் கோடிட்டுத் தேதி எழுதி வைத்து, மாதம் ஒருமுறை பார்த்து வாருங்கள். விரிசல் கோட்டைத் தாண்டினால் அன்றே தண்ணீரை இறக்கிவிட்டுப் பொறியாளரை அழையுங்கள்.