டிஸ்க்கை லேத்துக்கு அனுப்பும் முன்: பிக்கப் பிரேக்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற வாரம் ஓர் இளைஞர் செய்தித்தாளில் சுற்றிய இரண்டு பிரேக் டிஸ்க்குகளைக் கொண்டுவந்து என் பட்டறை மேசையில் வைத்தார். இரும்பைச் சீவும் லேத் இயந்திரத்திலிருந்து நேராக வந்தவை. முகம் பார்க்கலாம் போல மின்னின. “அண்ணாச்சி, புதிய டிஸ்க் வாங்க வேண்டியதில்லை. கடைந்து கொடுத்துவிட்டார்கள். பேட் மட்டும் போட்டுத் தாருங்கள்” என்றார். களக்காட்டில் வாழைத்தார் ஏற்றிக்கொண்டு செங்கோட்டை வழியாகப் புனலூருக்கு ஓட்டுகிறவர். பழைய பிக்கப் ஒன்றை வாங்கி எட்டு மாதம்தான் ஆகிறது. டிஸ்க்கை அளந்து பார்த்துவிட்டு, இதைப் பொருத்த மாட்டேன் என்று சொன்னேன். முகம் வாடிவிட்டது.

அவர் வயதில் நானும் இதையேதான் செய்தேன். இந்த ஆண்டில் மட்டும் இப்படிக் கடைந்த டிஸ்க்கோடு வந்தவர்களில் இவர் நான்காவது ஆள். அதனால்தான் இதை எழுதுகிறேன். டிஸ்க்கை இருபக்கமும் கவ்விப் பிடிக்கும் பேட் கீச்சிடும்வரை ஓட்டாதீர்கள், பிரேக் ஆயில் அளவைப் பாருங்கள் என்பதெல்லாம் வண்டி ஓட்டும் எவருக்கும் தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

தேய்ந்த டிஸ்க்கைக் கடைந்து போடுவது

எத்தனை முறை பார்த்தாலும் எனக்குக் கோபம் வரும் தவறு இதுதான்.

ஒவ்வொரு டிஸ்க்கிலும், நடுக் கிண்ணத்திலோ விளிம்பிலோ, ஆங்கிலத்தில் ‘மின்’ (MIN, குறைந்தபட்சம்) என்ற எழுத்துகளோடு ஓர் எண் பொறித்திருக்கும். துருவைத் துணியால் துடைத்துவிட்டுப் பார்த்தால் தெரியும். அந்தத் தடிமனுக்குக் கீழே போனால் டிஸ்க்கைக் கழித்துவிட வேண்டும் என்பது பொருள். புதிய தடிமனுக்கும் இந்தக் கடைசி அளவுக்கும் பல வண்டிகளில் 2 மில்லிமீட்டர்தான் வித்தியாசம். அதாவது பக்கத்துக்கு 1 மில்லிமீட்டர். புதிதில் 24 மில்லிமீட்டர் இருக்கும் டிஸ்க்கில் 2 போனால் என்ன குறைந்துவிடும் என்று கேட்பார்கள். பிக்கப்பின் முன் டிஸ்க் பெரும்பாலும் ஒரே கட்டி இரும்பு அல்ல. இரண்டு தகடுகள், நடுவே காற்று போகும் இடைவெளி. 24 என்பது அந்த இடைவெளியையும் சேர்த்த கணக்கு. தகடு ஒவ்வொன்றும் ஆறேழு மில்லிமீட்டர்தான் இருக்கும். அதில் ஒரு மில்லிமீட்டரைச் சீவினால், சூட்டை வாங்கிக்கொள்ளும் இரும்பில் ஏழில் ஒரு பங்கு போய்விடுகிறது.

எவ்வளவு சூடு என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கியரின் துணையில்லாமல் பிரேக்கை மட்டும் பிடித்து 100 மீட்டர் உயரம் இறங்கினால், மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்திலிருந்து ஏழு முறை முழுதாக நிறுத்தும் சூடு பிரேக்கில் இறங்குகிறது. வண்டி எத்தனை டன்னாக இருந்தாலும் இந்த ஏழு மாறாது. இடையில் ஆறவும் நேரம் கிடைக்காது.

2011-இல் என் சொந்த வண்டியின் டிஸ்க் இரண்டு முறை லேத்துக்குப் போய் வந்திருந்தது. ஒவ்வொரு முறையும் நானூறு ரூபாய். அளவு பார்க்கவேண்டும் என்று லேத்காரரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கேரளத்திலிருந்து பலகை ஏற்றிக்கொண்டு கோட்டைவாசல் தாண்டிப் புளியரைக்கு இறங்கிக்கொண்டிருந்தேன். முதல் வளைவில் பிரேக் சரியாகத்தான் பிடித்தது. அடுத்ததில் பெடல் வழக்கத்தைவிடச் சற்றுக் கீழே போனது. எஸ் வளைவில் மிதித்தபோது காலுக்கடியில் எதிர்ப்பே இல்லை. ஈரத் துணியை மிதித்தது போல இருந்தது. கியரை இரண்டுக்குத் தள்ளி, கைபிரேக்கை மேலே இழுத்து, மலைப்பக்கத்து மண்மேட்டில் உரசி நிறுத்தினேன். கிளீனர் பையன் இறங்கியதும் சாலை ஓரத்தில் குந்திவிட்டான். அரை மணி நேரம் எழுந்திருக்கவில்லை. சக்கரத்தின் உள்ளே டிஸ்க் நீலம் பாய்ந்திருந்தது.

காரணம் பிறகுதான் புரிந்தது. மெலிந்த டிஸ்க் விரைவில் சூடேறியது. அந்தச் சூடு பேட் வழியாக, அதை அழுத்தும் காலிப்பருக்குப் போய் பிரேக் ஆயிலைக் கொதிக்கவைத்தது. ஆயிலில் ஆவிக்குமிழி வந்தால் பெடல் மிதிப்பது குமிழியை நசுக்கத்தான் போகும், சக்கரத்துக்குப் போகாது. டாட் 3 என்ற தரத்து பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது கொதிநிலை குறைந்தது 205 டிகிரி. ஈரம் இழுத்த பிறகு 140 வரை இறங்கலாம். என் வண்டியில் அதையும் நான் மூன்று ஆண்டுகளாக மாற்றவில்லை.

கடைவதே தவறு என்று சொல்லவில்லை. கடைந்த பிறகும் பொறித்த எண்ணுக்கு மேலே போதிய அளவு மிஞ்சினால், இரு முகமும் இணையாக வந்தால் செய்யலாம். ஆனால் பட்டறைக்கு வரும் வண்டிகளில் பெரும்பாலானவை கடைவதற்கு முன்பே அந்த எண்ணைத் தொட்டுவிட்டவை.

அளப்பதிலும் ஒரு பொறி இருக்கிறது. டிஸ்க்கின் வெளி விளிம்பில் பேட் படுவதில்லை. அங்கே இரும்பு தேயாமல் வரப்பு போல நிற்கும். தடிமன் அளக்கும் சாதாரண வெர்னியரை வைத்தால் அதன் தாடைகள் அந்த வரப்பில்தான் உட்காரும். 23 காட்டும். உள்ளே 21 இருக்கும். நான் செய்வது இது: ஒரே மாதிரி இரண்டு நாணயங்களைச் சேர்த்து அளந்துகொள்வேன். பிறகு டிஸ்க்கின் இரு பக்கமும் பேட் உரசும் இடத்தில் ஒவ்வொரு நாணயத்தை வைத்து, அவற்றின் மேல் வெர்னியரைப் பிடித்து, நாணயக் கணக்கைக் கழித்துவிடுவேன். சுற்றிலும் ஆறு இடத்தில் அளக்க வேண்டும். அந்த இளைஞர் கொண்டுவந்ததில் 22 என்று பொறித்திருந்தது. நாணயம் வைத்து அளந்தால் 21.2. அவர் கையாலேயே அளக்கச் சொன்னேன். இரண்டாவது முறை அளந்துவிட்டுப் புதியது எங்கே வாங்கலாம் என்று கேட்டார்.

வண்டியின் பெயரை மட்டும் சொல்லி வாங்குவது

ஒரே பெயரில் வரும் பிக்கப்பில் சுமைத்திறன் மாறினால், தயாரிப்பு ஆண்டு மாறினால் டிஸ்க்கின் விட்டமும் பேடின் வடிவமும் மாறலாம். சேஸிஸ் எண்ணைக் குறித்துக்கொண்டு போங்கள். பழைய பேடையும் கையோடு கொண்டுபோங்கள்.

கடினமான பேட்தான் நல்ல பேட் என்று எண்ணுவது

“இது தேயவே தேயாது” என்று சொல்லி விற்கப்படும் பேடை நான் வாங்குவதில்லை. பேட் தேயவில்லையென்றால் தேய்வது டிஸ்க்தான். பல பேட்களின் ஓரத்தில் இரண்டு ஆங்கில எழுத்துகள் அச்சிட்டிருக்கும். முதல் எழுத்து சூடு குறைவாக இருக்கும்போது உள்ள உராய்வு, அடுத்தது நன்றாகச் சூடேறிய பின் உள்ளது. ‘இ’ என்றால் 0.25 முதல் 0.35 வரை, ‘எஃப்’ என்றால் 0.45 வரை, ‘ஜி’ என்றால் 0.55 வரை. மலையிறக்கம் உள்ள வழியில் ஓட்டுகிறவர்கள் இரண்டாவது எழுத்தைப் பாருங்கள். அது முதல் எழுத்தைவிடக் கீழே இறங்கியிருந்தால் சூட்டில் பிடி குறையும் பேட் அது. பாவூர்சத்திரம் சந்தைக்கும் ஆலங்குளத்துக்கும் சமதளத்தில் காய்கறி ஏற்றி ஓடும் வண்டிக்கு இது அவ்வளவு முக்கியமில்லை.

துளை போட்ட டிஸ்க்

சுமை வண்டிக்கு வேண்டாம். விரிசல் துளையில்தான் தொடங்கும்.

ஒரு பக்கம் மட்டும் மாற்றுவது

கூடாது. வண்டி ஒரு பக்கம் இழுக்கும்.

பின்பக்கப் பட்டையை மறப்பது

முன் டிஸ்க் அடிக்கடி போகிறது என்பவர்கள் பின்னால் குனிந்து பார்ப்பதில்லை. பல பிக்கப்களில் பின் ஆக்ஸிலுக்கும் சேஸிஸுக்கும் நடுவே ஒரு கம்பியோடு வால்வு இருக்கும். சுமையால் வண்டி தாழும் அளவைப் பார்த்துப் பின் பிரேக்குக்கு எவ்வளவு அழுத்தம் விடலாம் என்று முடிவு செய்வது அதுதான். அதிகம் ஏற்றுவதற்காகப் பின்னால் கூடுதல் ஸ்பிரிங் பட்டை போட்டால் வண்டி தாழ்வதில்லை. லோடு இல்லை என்று எண்ணி வால்வு பின் பிரேக்கைக் குறைத்துவிடும். பிரேக் வேலையில் பெரும்பங்கை முன் டிஸ்க்கே தாங்க வேண்டிவரும். எவ்வளவு நல்ல டிஸ்க் வாங்கினாலும் அது ஆண்டு தாங்காது. பட்டை சேர்த்திருந்தால் வால்வைத் திரும்பச் சரிசெய்யச் சொல்லுங்கள். பின் டிரம்மின் லைனிங்கையும் அன்றே பாருங்கள்.

ஹப்பைத் துடைக்காமல் புதிய டிஸ்க்கை மாட்டுவது

உவரி, கூடுதாழை பக்கம் மீன் ஏற்றும் வண்டிகளில் இது அதிகம். பெட்டியிலிருந்து ஒழுகும் உப்புநீர், டிஸ்க் உட்காரும் ஹப்பில் துருவைச் செதில் செதிலாக ஏற்றிவிடும். அதன்மேல் புதிய டிஸ்க்கை வைத்தால், ஒரு செதிலின் தடிமனுக்கு டிஸ்க் கோணலாக உட்காரும். மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு போதும். சில ஆயிரம் கிலோமீட்டரில் பிரேக் பிடிக்கும்போதெல்லாம் ஸ்டீயரிங் நடுங்கும். “டிஸ்க் டூப்ளிகேட்” என்று கடைக்காரரோடு சண்டைக்குப் போவார்கள். கம்பி பிரஷ் போட்டு ஹப் பளபளக்கும்வரை தேய்த்திருந்தால் போதும். புதிய டிஸ்க்கில் பூசியிருக்கும் எண்ணெயையும் பிரேக் கிளீனரால் துடைத்துவிடுங்கள். டீசலால் கழுவாதீர்கள். பேட் அதைக் குடித்துவிடும், ரப்பர் சீலும் உப்பிவிடும்.

அன்றே முழு லோடு

புதிய பேடும் புதிய டிஸ்க்கும் ஒன்றோடொன்று பழக வேண்டும். வெறும் வண்டியில், ஆளில்லாத சாலையில், 50 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 10 வரை எட்டுப் பத்து முறை மிதமாகக் குறையுங்கள். முழுதாக நிறுத்தாதீர்கள். பிறகு பிரேக்கைத் தொடாமல் ஐந்தாறு கிலோமீட்டர் ஓட்டி ஆறவிடுங்கள். அந்த இளைஞருக்கு வியாழன் மாலை புதிய டிஸ்க் பொருத்தினேன். வெள்ளிக்கிழமை லோடு இருக்கிறது என்றார். சனிக்கிழமைக்கு மாற்றச் சொல்லி, நாங்குநேரி வரை வெறும் வண்டியாக ஓட்டிவரச் சொன்னேன். பக்கத்தில் நானும் உட்கார்ந்து போனேன்.