களப்பணிக்குக் கிளம்பும் முன் பேசிவிட வேண்டியவை

காட்டிலோ கடலிலோ வாரக்கணக்கில் தங்கி ஆய்வு செய்யப் போகிறீர்களா? கருவிகளை மூட்டை கட்டும் முன் எல்லோருடைய பாதுகாப்பையும் வசதியையும் பற்றிக் குழுவாக உட்கார்ந்து ஒரு மணி நேரம் பேசிவிடுங்கள். 2014-இல் பிளாஸ் ஒன் என்ற அறிவியல் இதழில் வந்த ஆய்வில், களப்பணி செய்த 666 பேரிடம் கேட்டதில் 64 சதவீதம் பேர் பாலியல் தொல்லையைச் சந்தித்ததாகச் சொன்னார்கள். பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் மாணவர்களும் இளம் ஆய்வாளர்களும்தான். மனதை உலுக்கும் கணக்கு இது.

எது கூடாது, மீறினால் என்ன நடக்கும், யாரிடம் சொல்லலாம் என்பதை ஒரே பக்கத்தில் எழுதி எல்லோர் கையிலும் கொடுங்கள். புகார் கேட்க இருவர் வேண்டும். அதில் ஒருவர் கட்டாயம் குழுவுக்கு வெளியே இருப்பவர். தலைவர் மேலேயே புகார் என்றால் வேறு வழி வேண்டுமே! சிக்னல் இல்லாத இடத்திலும் பேச உதவும் செயற்கைக்கோள் போன் தலைவர் பையிலேயே கிடந்தால் இத்தனை ஏற்பாடும் வீண். அதைப் பொது இடத்தில் வையுங்கள். யாரும் அனுமதி கேட்காமல் எடுத்துப் பேசலாம் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். பாதியில் கிளம்ப நினைப்பவருக்கு வண்டியும் வழிச்செலவும் தயாராக இருக்கட்டும்.

அப்புறம், கழிப்பறை. மறைவிடம் இல்லையென்றால் பலர் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்வார்கள். வெயிலில் அது ஆபத்து. சின்ன மறைப்புக் கூடாரம் ஒன்று எடுத்துப் போங்கள். முதலுதவிப் பெட்டியிலேயே நாப்கினும் இருக்கட்டும், யாரும் கூச்சப்பட்டுக் கேட்கும் நிலை வராது. யார் யாருடன் தங்குவது என்பதையும் அவரவரைத் தனியாகக் கேட்டே முடிவு செய்யுங்கள்.