பாஸ் மீன் பிடிக்க முதல் ராடிலிருந்து சோனார் வரை: எதை முதலில் வாங்குவது?

டெக்சஸுக்கு வேலைக்கு வந்த நண்பர்கள் வசந்தம் பிறந்ததும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "மீன் பிடிக்கப் போகலாம்னு இருக்கோம், என்னென்ன வாங்கணும்?" கேட்ட கையோடு யூடியூபில் பார்த்த ஒரு படகின் படத்தையும் அனுப்பிவைப்பார்கள். முன்பக்கம் இரண்டு பெரிய திரை, பின்னால் 250 குதிரைத்திறன் எஞ்சின், தளம் முழுக்க வரிசையாக ராடுகள். அந்தப் படகு பரிசுப் பணத்துக்காகப் போட்டியில் இறங்குபவருடையது. ஞாயிறு காலை மூன்று மணி நேரம் ஒதுக்க முடிந்தவருக்கு அதில் பாதிகூட வேண்டாம். கரையில் நின்று தொடங்கி, மெதுவாகப் படகுக்குப் போகிறவர் எந்த வரிசையில் வாங்கலாம் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

படி 1: மீனையும் இடத்தையும் தெரிந்துகொள்ளுங்கள்

இங்கே பெரும்பாலானவர்கள் குறிவைப்பது லார்ஜ்மவுத் பாஸ் என்ற பெரிய வாய் நன்னீர் மீனை. அது இரையைத் தேடி நாள் முழுக்கச் சுற்றும் மீன் அல்ல. பாசி ஓரம், மூழ்கிய மரம், படகுத்துறையின் நிழல் என்று எங்காவது மறைந்திருந்து, பக்கத்தில் வருவதைப் பாய்ந்து பிடிக்கும். ஊரில் தவளையைக் கோர்த்து விரால் பிடித்தவர்களுக்கு இந்தக் குணம் புதிதல்ல. ரப்பர் தவளையைப் பாசி மேல் இழுத்துப் பாஸ் பிடிக்கும் முறை இங்கேயும் உண்டு.

டாலஸிலிருந்து கிழக்கே ஒன்றரை மணி நேரத்தில் லேக் ஃபோர்க் இருக்கிறது. 1980இல் கட்டி முடித்த அணை, 27,000 ஏக்கருக்கு மேல் நீர்ப்பரப்பு. மரங்களை முழுக்க வெட்டாமலேயே தண்ணீர் விட்டதால் உள்ளே காடு அப்படியே நிற்கிறது. டெக்சஸின் பாஸ் சாதனை மீன், 18.18 பவுண்டு, 1992 ஜனவரியில் இங்கேதான் கிடைத்தது. ஆனால் முதல் நாளே அங்கே போகாதீர்கள். பக்கத்து ஸ்டேட் பார்க்கில் குளமோ ஏரியோ இருந்தால் அதுவே போதும். பார்க் எல்லைக்குள் கரையிலிருந்து பிடிப்பதற்கு டெக்சஸில் உரிமம்கூடத் தேவையில்லை.

படி 2: ஒரே ஒரு ராடு

ராடின் கைப்பிடிக்கு மேலே சிறிய எழுத்தில் நாலைந்து விவரம் அச்சடித்திருக்கும். அதில் இரண்டைப் பாருங்கள். ஒன்று பவர்: வளைக்க எவ்வளவு பலம் வேண்டும் என்பது. மற்றது ஆக்‌ஷன்: எந்த இடத்திலிருந்து வளைகிறது என்பது. ஃபாஸ்ட் என்றால் நுனிப் பகுதி மட்டும் வளையும். மாடரேட் என்றால் பாதி ராடு வளையும். அதே இடத்தில் எத்தனை அவுன்ஸ் இரை, எத்தனை பவுண்டு நரம்பு தாங்கும் என்றும் போட்டிருக்கும்.

முதல் ராடுக்கு என் தேர்வு: 7 அடி, மீடியம் பவர், ஃபாஸ்ட் ஆக்‌ஷன், ஸ்பின்னிங் வகை. ரீல் 2500 அல்லது 3000 அளவு. ராடும் ரீலும் சேர்த்து 100 டாலர் சுமாருக்கு நன்றாகவே கிடைக்கும். 30 டாலர் செட்டைத் தொடாதீர்கள். அதன் டிராக் (மீன் இழுக்கும்போது நரம்பை விட்டுக்கொடுக்கும் பிரேக்) வெட்டி வெட்டி இழுக்கும், பெரிய மீன் ஓடும்போது நரம்பு அறுந்துவிடும்.

கடையில் நிற்கும்போது, ராடின் மேல்பக்கம் உட்காரும் பேட்காஸ்டர் ரீல்தான் கண்ணைக் கவரும். அது இரண்டாவது ராடுக்கு. வாங்கும்போது 7 அடி மீடியம் ஹெவி ராடும், கியர் விகிதம் 7:1 அருகில் உள்ள (கைப்பிடி ஒரு சுற்றுக்கு ஸ்பூல் ஏழு சுற்று) ரீலும் எடுங்கள். அதில் நரம்பு சிக்கிக் குருவிக்கூடு ஆகாதவர் யாருமில்லை. குறைக்க ஒரு வழி: இரையைக் கட்டி, ராடை நேராக நீட்டி, கட்டைவிரல் பொத்தானை அழுத்துங்கள். இரை மெதுவாக இறங்க வேண்டும். அது தரையைத் தொட்டதும் ஸ்பூல், அதாவது நரம்பு சுற்றிய உருளை, சுற்றுவதை நிறுத்த வேண்டும். அதுவரை பக்கவாட்டில் உள்ள சிறிய திருகை இறுக்குங்கள். பிரேக்கை அதிகபட்சத்தில் வைத்துத் தொடங்கி, பழகப் பழகக் குறைத்துக்கொள்ளலாம். இரை தண்ணீரைத் தொடும் நொடியில் கட்டைவிரல் ஸ்பூல்மேல் இருக்க வேண்டும். இந்த ஒரு பழக்கத்துக்கு எந்தத் திருகும் ஈடில்லை.

படி 3: நரம்பு

ஆரம்பத்தில் ராடுக்குக் கொடுக்கும் கவனத்தில் பாதிகூட யாரும் நரம்புக்குக் கொடுப்பதில்லை. மீனுக்கும் நமக்கும் இடையே இருப்பது அது மட்டும்தான் என்பது அறுந்த பிறகுதான் உறைக்கும்.

மூன்று வகை உண்டு. மோனோ என்பது நமக்குத் தெரிந்த தங்கூஸ்: மலிவு, நீளும், மூழ்க நேரமாகும். ஃப்ளூரோகார்பன் மூழ்கும், தண்ணீரில் அவ்வளவாகத் தெரியாது, கல்லிலும் மரத்திலும் உரசினால் தாங்கும். பின்னல் நரம்பு நீளவே நீளாது, அதனால் மீன் தொட்டால் கைக்கு உடனே தெரியும். ஆனால் தெளிந்த தண்ணீரில் பளிச்சென்று தெரியும். ஸ்பின்னிங் ரீலில் 15 பவுண்டு பின்னலைச் சுற்றி, முனையில் ஆறேழு அடிக்கு 10 பவுண்டு ஃப்ளூரோகார்பனை இணைத்துவிட்டால் இரண்டின் பலனும் கிடைக்கும்.

முடிச்சு ஒன்று போதும், பாலோமர். நரம்பை இரட்டையாக மடித்து முள்ளின் கண்ணில் நுழைத்து, ஒரு சாதாரண முடிச்சுப் போட்டு, மடித்த முனையின் வளையத்துக்குள் முள்ளை முழுக்க நுழைத்து இழுக்க வேண்டும். இறுக்கும் முன் எச்சில் தொட்டு ஈரமாக்குங்கள். உலர்ந்தபடி இழுத்தால் உரசும் சூட்டில் ஃப்ளூரோகார்பன் பலம் இழந்துவிடும்.

படி 4: இரை, ஐந்துக்குள்

கடையில் ஒரு சுவர் முழுக்கத் தொங்கும் நிறங்களில் பாதி மனிதர்களைப் பிடிக்கத்தான். 5 அங்குல ரப்பர் புழு, கிரீன் பம்கின் நிறத்தில் ஒரு பொட்டலம். கலங்கிய தண்ணீருக்குக் கறுப்பும் நீலமும் கலந்த இன்னொரு பொட்டலம். 3/0 அளவில் அகல வளைவு முள். கால் அவுன்ஸ் தோட்டா வடிவ ஈயம். சுழலும் தகடு மாட்டிய 3/8 அவுன்ஸ் ஸ்பின்னர்பெய்ட் ஒன்று. இவ்வளவுதான்.

புழுவை டெக்சஸ் ரிக் முறையில் கோர்க்கக் கற்றுக்கொள்ளுங்கள். முதலில் ஈயத்தை நரம்பில் கோர்த்துவிட்டு முள்ளைக் கட்டுங்கள். முள் நுனியைப் புழுவின் தலையில் கால் அங்குலம் குத்தி, பக்கவாட்டில் வெளியே எடுத்து, முள்ளைத் திருப்பி, நுனியை மறுபடி உடலுக்குள்ளேயே புதைத்துவிட வேண்டும். புழு நேராகத் தொங்கினால் சரி. வளைந்திருந்தால் தண்ணீரில் சுழன்று நரம்பை முறுக்கிவிடும். நுனி வெளியே தெரியாததால் பாசிக்குள்ளும் மரக்கிளைக்குள்ளும் தைரியமாகப் போடலாம். போட்டபின் தரையைத் தொடும்வரை காத்திருங்கள். முதல் கடி பெரும்பாலும் அது விழும்போதே வரும். நரம்பு சும்மா பக்கவாட்டில் நகர்வதுதான் அடையாளம்.

படி 5: படகு, சிறியதாக

கரையில் ஒரு பருவம் பழகியபின் துடுப்பு போடும் கயாக் அல்லது தட்டை அடி கொண்ட 14 அடி அலுமினிய ஜான் போட் போதும். மின் மோட்டார் பொருத்துவதாக இருந்தால் ஒரு கணக்கு: ஆள், சாமான், படகு எல்லாம் சேர்த்து ஒவ்வொரு 100 பவுண்டு எடைக்கும் குறைந்தது 2 பவுண்டு தள்ளுவிசை. சிறிய படகுக்கு 12 வோல்ட், 55 பவுண்டு மோட்டார் தாராளம். ஜி.பி.எஸ் மூலம் படகை ஒரே இடத்தில் நிறுத்தி வைக்கும் வசதி உள்ள மோட்டார் விலை கூடுதல்தான். காற்றடிக்கும் டெக்சஸ் ஏரிகளில், பெரிய திரைக்குப் போடும் பணத்தை நான் அதில்தான் போடுவேன்.

படி 6: சோனார் திரையைப் படிப்பது

இங்கேதான் பணம் கரையும். அதனால் வாங்கும் முன் அது என்ன காட்டுகிறது என்று புரிந்துகொள்ளுங்கள்.

படகின் அடியில் உள்ள டிரான்ஸ்டியூசர் ஒலி அலையை அனுப்புகிறது. அது தரையிலோ மீனிலோ பட்டுத் திரும்ப எவ்வளவு நேரம் ஆகிறது என்பதை ஆழமாக மாற்றித் திரையில் வரைகிறது. திரையின் வலது ஓரம்தான் இந்த நொடி. இடப்பக்கம் நகர்ந்துபோவதெல்லாம் முடிந்த கதை. புதியவர்கள் திரை நடுவில் மீனைப் பார்த்துவிட்டு, அது இப்போது படகுக்கு முன்னால் இருப்பதாக நினைத்துத் தூண்டில் போடுவார்கள். அதைத் தாண்டிப் படகு எப்போதோ வந்திருக்கும்.

ஒலி கூம்பு வடிவத்தில் விரிகிறது. 200 கிலோஹெர்ட்ஸ் அலைக்குச் சுமார் 20 டிகிரி என்று வைத்துக்கொண்டால், தரையில் அது பார்க்கும் வட்டத்தின் அகலம் ஆழத்தில் மூன்றில் ஒரு பங்கு. 30 அடியில் 10 அடி, 9 அடியில் வெறும் 3 அடி. வசந்தத்தில் பாஸ் கரையோரம் முட்டையிட வரும் ஆழத்தில் இந்த சோனாரில் மீனைத் தேடுவது வீண் வேலை. அப்போது அதன் பயன் ஆழம், தண்ணீரின் வெப்பம், தரையின் தன்மை மூன்றும்தான்.

தரைக் கோடு தடித்துப் பிரகாசமாக இருந்து, இரண்டு மடங்கு ஆழத்தில் இன்னொரு மங்கலான கோடும் தெரிந்தால் கல் அல்லது கெட்டித் தரை. மெலிந்து மங்கியிருந்தால் சேறு. சேறு முடிந்து கல் தொடங்கும் இடத்தில் ஒரு குறி போட்டு வையுங்கள். கோடையில் நடு ஆழத்தில் புகைபோல ஒரு பட்டை தெரிந்தால், அதற்குக் கீழே பிராணவாயு குறைவு; அங்கே பாஸைத் தேடவேண்டாம்.

வாங்கியதும் செய்யவேண்டிய முதல் வேலை, மீன் பொம்மை காட்டும் அமைப்பை அணைப்பது. இலை, காற்றுக்குமிழி, மரக்கிளை எல்லாவற்றுக்கும் அது மீன் படம் போடும். உண்மையான மீன் வில்போல வளைந்து தெரியும். படகும் மீனும் அசையாமல் நின்றால் வில் இல்லை, நீளக் கோடுதான் வரும்.

அப்புறம், படகின் கீழேயும் இரு பக்கமும் உள்ளதைப் புகைப்படம்போலக் காட்டும் டவுன் இமேஜிங், சைடு இமேஜிங். 455, 800 கிலோஹெர்ட்ஸ் அல்லது 1.2 மெகாஹெர்ட்ஸ் அலையில் இவை வேலை செய்யும். அலைவரிசை கூடக் கூடப் படம் தெளியும், எட்டும் தூரம் குறையும். சைடு இமேஜிங்குக்குப் படகு நேர்கோட்டில் மெதுவாகப் போக வேண்டும். வளைந்தால் படம் இழுபடும். அதில் பொருளைவிட நிழலைக் கவனியுங்கள். மீனுக்கும் அதன் நிழலுக்கும் இடையே வெளி இருந்தால் மீன் தரையைவிட்டு மேலே நிற்கிறது.

திரை 7 அங்குலம், ஜி.பி.எஸ் வரைபடம், சைடு இமேஜிங். படகுக்கு இந்த மூன்றும் இருந்தால் போதும். கயாக்குக்கு 5 அங்குலம்கூடச் சரி. கார்மின், ஹம்மின்பேர்ட், லோரன்ஸ் மூன்றும் நல்லவைதான். நீங்கள் போகும் ஏரியின் ஆழக்கோட்டு வரைபடம் எதில் நன்றாக இருக்கிறது என்று பார்த்து வாங்குங்கள். ஒரு நிறுவனத்தின் டிரான்ஸ்டியூசர் இன்னொன்றின் திரையோடு பொதுவாகச் சேராது.

படி 7: பேட்டரியும் வயரும்

சோனாருக்குத் தனி பேட்டரி வையுங்கள். மோட்டாரோடு பகிர்ந்தால் திரையில் மழைபோலக் கோடு விழும்; எஞ்சினைத் தட்டும்போது வோல்ட்டேஜ் இறங்கித் திரை அணைந்து எரியும். கணக்கு எளிது: 7 அங்குலத் திரை சுமார் 1 ஆம்பியர் இழுத்தால், 8 மணி நேரத்துக்கு 8 ஆம்பியர்-அவர். 12 ஆம்பியர்-அவர் லித்தியம் பேட்டரி ஒன்று ஒரு நாளைக்குத் தாங்கும். ஈயப் பேட்டரி என்றால் பாதிக்குக் கீழே காலியாக்கக் கூடாது, ஆகவே இரண்டு மடங்கு வேண்டும். பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ், லித்தியத்துக்கு அதற்குரிய சார்ஜர். இரண்டையும் விட்டுவிடாதீர்கள்.

படி 8: லைவ் சோனார், இப்போது வேண்டாம்

கார்மின் லைவ்ஸ்கோப் 2018இல் வந்தபோது இந்த ஆட்டமே மாறியது. படகுக்கு முன்னால் மீன் நீந்துவதும், நம் இரை அதன் முன் இறங்குவதும் அந்த நொடியிலேயே திரையில் தெரியும். லோரன்ஸும் ஹம்மின்பேர்டும் பின்னாலேயே வந்தன. சர்ச்சையும் வந்தது. போட்டிகளை நடத்தும் மேஜர் லீக் ஃபிஷிங் அமைப்பு தன் பாஸ் புரோ டூர் தொடரில் 2025இல் ஒரு நாளின் மூன்று பகுதிகளில் ஒன்றில் மட்டுமே இதை அனுமதித்தது.

கருவி, பெட்டி, கம்பம், பெரிய பேட்டரி எல்லாம் சேர்த்துத் திரை விலை போக 1,500 டாலருக்கு மேல் ஆகும். லேக் ஃபோர்க்கின் மூழ்கிய காட்டில் அதைத் திருப்பினால் நூறு கிளை தெரியும், புதியவர் கண்ணுக்கு நூறும் மீன்தான். நரம்பு நகர்வதைக் கவனிக்கப் பழகும் முன்பே தலை திரைக்குள் குனிந்துவிடும். ஓரிரு பருவம் போகட்டும்.

படி 9: உரிமமும் சட்டமும்

"பிடித்ததைக் குழம்பு வைக்கலாமா?" என்று கேட்பீர்கள். லேக் ஃபோர்க்கில் 16 அங்குலத்துக்கு மேல், 24 அங்குலத்துக்குக் கீழ் உள்ள பாஸை வைத்துக்கொள்ளக் கூடாது. உடனே விட்டுவிட வேண்டும். குழம்புக்குக் கெளுத்தி பிடியுங்கள், ருசியும் அதுதான். ஒவ்வொரு ஏரிக்கும் விதி வேறு, ஆகவே டெக்சஸ் பார்க்ஸ் அண்ட் வைல்ட்லைஃப் துறையின் பக்கத்தைப் போகும் முன் பாருங்கள்.

கயாக்கில் சின்ன மின் மோட்டார் மாட்டினாலும் டெக்சஸில் அது மோட்டார் படகுதான், பதிவு செய்ய வேண்டும். ஆளுக்கொரு லைஃப் ஜாக்கெட் கட்டாயம். 26 அடிக்குக் குறைவான படகு ஓடும்போது 13 வயதுக்கு உட்பட்டவர்கள் அதைப் போட்டே இருக்க வேண்டும். 17 வயது நிறைந்தவர்களுக்கு மீன்பிடி உரிமம் தேவை. உரிம ஆண்டு ஆகஸ்ட் 31உடன் முடிகிறது, புதியது ஆகஸ்ட் நடுவில் விற்பனைக்கு வரும். ஆகஸ்ட் பின்பாதியில் வாங்கப்போனால் எந்த ஆண்டுக்கானது என்று கேட்டு வாங்குங்கள்.